பழுப்பு மாத்திரை

ஒன்பது குஞ்சுகள். எட்டு எழுந்து ஓடின.
ஒன்பதாவது உட்கார்ந்தே இருந்தது,
வேண்டுமானால் தட்டு நடந்து வரட்டும் என்பதுபோல.

சோம்பல் என்று நினைத்தேன்.
பதினெட்டு வருஷம் ஒரு சோம்பேறியோடு குடித்தனம் செய்தவள்,
பார்த்தவுடனே தெரியும் என்று ஒரு திமிர்.

தூக்கிப் பார்த்தபோதுதான்
இரண்டு காலும் வில்லாக வளைந்திருந்தன,
கணு வீங்கி.
மழையில் ஊறிய தீக்குச்சிகூட
இதைவிட நிமிர்ந்து நிற்கும்.

கடையில் வாத்துத் தீவனம் கிடையாது.
“கோழிக்குஞ்சுத் தீவனம் போடுங்க,
அலகு அலகுதானே” என்று
மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டிருந்தான்.
பத்து நாள் போட்டேன்.
பத்து நாளும் வயிறார உண்டு
பட்டினி கிடந்திருக்கின்றன.

மாட்டு வைத்தியர் கலூசோவா
எந்தத் தொழுவத்தில் எந்தப் பசுவுக்குள் கைவிட்டிருந்தாரோ,
மூச்சு வாங்கிக்கொண்டே போனில் சொன்னார்:
“கோழிக்குப் போதும். வாத்துக்குப் பத்தாது.
நியாசின். பி வைட்டமின்களில் ஒன்று.
வாத்துக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு வேண்டும்.
பியர் ஈஸ்ட் வாங்குங்கள், உலர்ந்தது.
இடித்துத் தீவனத்தில் கலந்து போடுங்கள்.
பட்டாணி இருந்தால் மசித்து வையுங்கள்.
நாளைக்கு இல்லை, இன்றைக்கு.”

பியர் ஈஸ்ட்.

ஒத்தகார் போன பிறகு
அந்த முதல் சொல்
இந்த நிலைப்படி தாண்டி உள்ளே வந்ததில்லை.
தொட்டிக் கூடத்தில் இரவுப் பணி அவனுக்கு.
விடியற்காலை கதவு திறக்கும்,
அவனுக்கு முன்னால் அந்த வாசம் நுழையும்,
புளித்த ரொட்டி மாதிரி, ஈரச் சாக்கு மாதிரி.
நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன்.
“குடிச்சிருக்கே.”
“இல்லை, த்ராஹொமீரா.”
“குடிச்சிருக்கே.”
கடைசி வருஷங்களில்
அவன் இல்லை என்று சொல்வதையும் விட்டுவிட்டான்.

ஊருக்குப் பஸ் ஏறினேன்.
ஹாப்ஸ் கொடிக் கம்பங்கள் இரு பக்கமும்
வரிசை வரிசையாக, வளையாமல்.
மருந்துக்கடைப் பெண் டப்பாவை நீட்டிக் கேட்டாள்:
“முடி கொட்டுதா? நகம் உடையுதா?”
“கால்” என்றேன். “என்னுடையது இல்லை.”

பழுப்பு மாத்திரைகள்.
பூரிக்கட்டை மாதிரி எதுவும் இல்லாத வீடு இல்லையே,
மாவு உருட்டும் கட்டையால் நசுக்கினேன்.
ஒரு கப் தீவனம், ஒரு மேசைக்கரண்டித் தூள்,
ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் தண்ணீர்.
மூக்கு முதலில் சொன்னது, நான் கேட்கவில்லை.
கை கழுவினேன். எலுமிச்சை சோப்பு. போகவில்லை.
மறுநாள் பஸ்ஸில்
பக்கத்து இருக்கைக்காரி மெல்ல எழுந்து
முன்னால் போய் உட்கார்ந்தாள்.

ஒரு சொட்டும் குடியாத நான்.

அன்றிரவு தூக்கமில்லை.
எல்லா இரவும் குடித்துவிட்டு வந்தான் என்பதைக்
கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.
தள்ளாடிய இரவுகள் உண்டு, அதை விடமாட்டேன்.
சம்பளம் பாதியாக வந்த மாதங்கள் உண்டு.
ஆனால் சில விடியல்கள்
வெறும் வேலையாக இருந்திருக்கலாம்.
எத்தனை?
எண்ணி வைக்கவில்லை. யாரும் எண்ணி வைக்கவில்லை.

விளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன்.
ஆணியில் அவன் வேலைக் கோட்டு
இன்னும் தொங்குகிறது.
முகத்தைப் புதைத்து முகர்ந்தேன்.
எலி வாசம். வேறொன்றும் இல்லை.

ஆறாம் நாள்
ஒன்பதாவது எழுந்தது, விழுந்தது, எழுந்தது,
தண்ணீர்த் தட்டுக்கு நேராகப் போகப் பார்த்து
சாய்வாகப் போய்ச் சேர்ந்தது.
இடது கால் கொஞ்சம் உள்பக்கம்தான்.
அது அப்படியே இருக்கும் என்கிறார் கலூசோவா,
சீக்கிரம் வந்ததால் இவ்வளவாவது நிமிர்ந்தது என்கிறார்.

நவம்பரில் எட்டு வாத்துக்கு ஆள் சொல்லிவிட்டார்கள்,
முட்டைக்கோஸ் சேர்த்து வறுக்க.
ஒன்பதையும் கேட்டார்கள்.
பார்க்கலாம் என்றேன்.

டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது.
மூடியை இறுக்காமல் வைத்திருக்கிறேன்.